கானோவின் நீலக் குழிகள்

ஆபிரிக்கருக்கு ஆடை நெய்யக் கற்பித்தவர் ஐரோப்பியரே என்னும் எண்ணம், ஏகாதிபத்தியம் எழுதிய சரித்திரத்தின் எச்சமாகும். மாலி நாட்டின் பண்டியாகரா மலைக் குகைகளிற் கிடைத்த, 11ஆம் நூற்றாண்டு முதலான பருத்தித் துணிகள் அதனைப் பொய்யாக்குகின்றன. அவுரி நீலம் தோய்ந்தவையும் அவற்றுள் உள.

இத்தொழில் பெரிதும் செழித்த நகரங்களுள் ஒன்று, இன்றைய நைஜீரியாவின் வடபகுதியிலுள்ள கானோ. அங்குள்ள கோபர் மாத்தா சாயக்குழிகள் 1498இல் தோன்றியவை என்பது ஊர்மரபு. ஒடுங்கிய தறியில் நாடாப்போல் நெய்த துண்டுகளை ஓரத்தோடு ஓரம் தைத்துத் துணியாக்கினர். ஆழமான குழிகளில் அவுரியையும் சாம்பலையும் நீரிற் கலந்து நாட்கணக்காகப் புளிக்கவைத்தனர். குழியினின்று எடுக்கையில் பசுமஞ்சளாயிருக்கும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாகும்; மீண்டும் மீண்டும் தோய்க்கக் கருநீலமாகும். பின்னர் நீலப்பொடி இட்டு, மரக்கட்டைகளால் அடித்து மினுக்கினர். சகாராவின் துவாரெக் மக்கள் இதனையே முகத்திரையாக விரும்பி அணிந்தனர்.

1851இல் கானோவைக் கண்ட ஜெர்மானியப் பயணி ஹைன்றிஷ் பார்த், அந்நகரத் துணி வடக்கே திரிப்போலி வரையும், மேற்கே அத்திலாந்திக் கரை வரையும் சென்றதென எழுதினார். ஆண்டுதோறும் வெளியே சென்ற துணியின் பெறுமதி குறைந்தது 30 கோடி சோழி என்பது அவர் மதிப்பீடு. எனினும் அச்செல்வத்தின் அடியில் அடிமைகளின் உழைப்பும் இருந்தது. சொக்கோட்டோ அரசின் கீழ்ப் பண்ணைகளிற் பாடுபட்டோருள் அவர்கள் பெருந்தொகையினர். பழம்பெருமை பேசுவோர் இவ்வுண்மையை மறைத்தல் தகாது.

1903இல் ஆங்கிலேயர் கானோவைக் கைப்பற்றினர். லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி தேடுதற்கென 1902இலேயே பிரித்தானியப் பருத்தி வளர்ப்புச் சங்கம் அமைந்திருந்தது. 1911இல் புகையிரதப் பாதை கானோவை எட்டியபோது, பருத்தி மூடைகள் துறைமுகத்திற்கு விரையுமென அச்சங்கத்தார் எதிர்பார்த்தனர். நடந்ததோ வேறு. உள்ளூர் நெசவாளர் அவர்களினும் கூடிய விலை கொடுத்தனர். ஆகவே உழவர் பருத்தியைத் தறிகளுக்கு விற்று, புகையிரதத்தில் நிலக்கடலையை ஏற்றினர். பீரங்கியால் வென்ற நாட்டில், சந்தையிலே கைத்தறியை வெல்ல ஆதிக்கத்தால் உடனே இயலவில்லை.

காலப்போக்கில் மலிவான ஆலைத்துணியும் செயற்கைச் சாயமும் புகுந்தன; குழிகள் ஒவ்வொன்றாய்த் தூர்ந்தன. இன்றும் கோபர் மாத்தாவிற் சில குழிகள் இயங்குகின்றன. இத்தொழில் நலிந்தமைக்குக் கைவினைஞரின் அறியாமை காரணமன்று. எவருடைய நலனுக்காக உற்பத்தி நடைபெறல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர்தம் கையினின்று பறிபோயிற்று. அக்கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை.