இளம் இரட்டை விண்மீன்கள்: வாயுச் சேர்ப்பும் வெளியோட்டமும்

ஒன்றையொன்று சுற்றிவரும் இரு இளம் விண்மீன்கள் சூழ்ந்துள்ள வாயுவை ஈர்த்து வளர்வது வாயுச் சேர்ப்பு. அந்த வாயுவில் ஒரு பங்கைத் தாரைகளாக வீசியெறிவது வெளியோட்டம். சூரியனை ஒத்த விண்மீன்களில் ஏறத்தாழப் பாதிக்குத் துணை உண்டு. ஆகவே இரட்டையை விதிவிலக்காகக் கருத இடமில்லை.

பொங்கல் சமயத்தில் இரவு ஒன்பதரை மணிவாக்கில் பட்டாசுத் தொழில் நடக்கும் திருத்தங்கலில் நின்று அண்ணாந்தால், ரோகிணி ஏறத்தாழ உச்சியில் நிற்கும். ரிஷப ராசியின் அந்தப் பகுதியில், ரோகிணிக்கு வெகு பின்னால், சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவில் விண்மீன்கள் பிறக்கும் இருண்ட முகில்கள் உள்ளன. இந்த நிகழ்வைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததே.

தனியான இளம் விண்மீனைச் சுற்றி ஒரு வாயு வட்டு இருக்கும். இரட்டையில் மூன்று இருக்கலாம்: ஆளுக்கொன்று, இருவரையும் வளைத்த பெருவட்டு ஒன்று. இருவரின் ஈர்ப்பும் பெருவட்டின் நடுவைக் கடைந்து வெற்றிடமாக்கிவிடும். அந்த இடைவெளியைத் தாண்டி வாயு மெல்லிய ஓடைகளாக உள்ளே விழுகிறது. எடை குறைந்த விண்மீன் பெருவட்டின் விளிம்புக்கு அருகே சுற்றுவதால் அதற்கே கூடுதல் பங்கு கிடைக்கும் என்று பல கணினிக் கணிப்புகள் காட்டுகின்றன. டி.க்யூ. டாரி என்ற இரட்டையின் சுற்றுக்காலம் 15.8 நாள். நீள்வட்டப் பாதையில் இருவரும் நெருங்கும் வேளையில் வாயு மொத்தமாக விழ, அது பெரும்பாலும் பிரகாசமடைகிறது. எல்லாச் சுற்றிலும் அல்ல.

விழும் வாயு தன் சுழற்சியை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும், இல்லையேல் விண்மீனை எட்டாது. வட்டின் காந்தப்புலம் அச்சுழற்சியில் ஒரு பங்கைத் தாரைகளில் ஏற்றி வெளியே அனுப்புகிறது. தாரையின் வேகம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர். அதில் ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது; அந்த நிறமே அதை அடையாளம் காட்டுகிறது. பேரியம் பச்சை, ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு என்று நிறத்தை வைத்தே மருந்தை அடையாளம் காணும் பட்டாசு வட்டாரத்துக்கு இந்த வழி புதிதல்ல.

இரட்டையின் வெளியோட்டத்துக்கு எல்1551 ஐ.ஆர்.எஸ். 5 என்ற இளம் தொகுதி தலைசிறந்த சான்று. எதிரெதிர்த் திசைகளில் பாயும் மூலக்கூறு வெளியோட்டம் 1980-இல் முதன்முதலாக இங்குதான் தெளிவாக அறியப்பட்டது. 1998-இல் லூயிஸ் ரொட்ரிகஸ் குழுவினர், சுமார் 50 வானியல் அலகு இடைவெளியில் இரண்டு தனி வட்டுகளைப் பிரித்துக் காட்டினர். தாரைகளும் இரண்டு.

ஜான் ரசல் ஹிண்ட் 1852-இல் கண்ட டி டாரி என்ற விண்மீனுக்கு, 1982-இல் அகச்சிவப்பில் மட்டும் தெரியும் தெற்குத் துணை ஒன்று கிடைத்தது. அதுவும் ஓர் இரட்டை என்பது பின்னர் தெரியவந்தது. ஆக, அங்கே மூவர்.

இவ்விரு தொகுதிகளையும் இந்தியாவிலிருந்து ஆராய்ந்த கருவி, புனே அருகே கோடத்தில் உள்ள ராட்சத மீட்டர்அலை ரேடியோ தொலைநோக்கி. உதகமண்டலத்தில் 1970-இல் ரேடியோ தொலைநோக்கி அமைத்த கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் உருவான இதற்கு 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்கள். 2016-இல் வெளியான ஆய்வு, 323, 608 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் இவற்றை அளந்தது. அவ்வளவு தாழ்ந்த அலைவரிசைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. அயனியான வாயு ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்குக் கீழே தன் ரேடியோ ஒளியைத் தானே விழுங்கிவிடும். அந்த எல்லை தெரிந்தால் வெளியேறும் வாயுவின் அடர்த்தியும் நிறையும் பிடிபடும். மறு ஆண்டு ஐரோப்பாவின் லோஃபார் ரேடியோ தொலைநோக்கி டி டாரியை 149 மெகாஹெர்ட்ஸில் கண்டபோது, எல்லை அதன் அருகே இருக்கலாம் என்று தெரிந்தது. அதிலிருந்து கிடைத்த எலக்ட்ரான் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7,000.