ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின் விளையாட்டு: ஆட்டத் தேர்வின் வரலாறு

கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் நிகழ்பட ஆட்டங்களைப் போட்டியாக நடத்துவது மின் விளையாட்டு ஆகும். இதனை இ-ஸ்போர்ட்ஸ் என்றும் அழைப்பர். கபடிக்கோ ஓட்டப்பந்தயத்துக்கோ உரிமையாளர் எவரும் இல்லை. ஆனால் இன்று போட்டிகளில் இடம்பெறும் நிகழ்பட ஆட்டம் ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் சொத்து. ஆகவே, எந்த ஆட்டத்தைச் சேர்ப்பது என்பதே போட்டி நடத்துவோரின் முதல் சிக்கலாக இருந்து வருகிறது.

தொடக்க காலம்

1972 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டத்தில் போட்டி நடந்தது. அறியப்பட்ட மிகப் பழைய நிகழ்பட ஆட்டப் போட்டிகளுள் இதுவும் ஒன்று. அந்த ஆட்டத்தின் நிரல் கணினி ஆர்வலர்களிடையே இலவசமாகக் கைமாறியது. எனவே யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆசிய அளவில், 2007ஆம் ஆண்டு மக்காவில் நடந்த ஆசிய உள்ளரங்க விளையாட்டுகளில் மின் விளையாட்டு இடம்பெற்றது. கால்பந்து, கூடைப்பந்து, கார்ப் பந்தயம் என மக்கள் ஏற்கெனவே அறிந்தவற்றைத் தழுவிய ஆட்டங்களே அப்போது தேர்வு செய்யப்பட்டன.

ஜகார்த்தா, 2018

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆறு ஆட்டங்கள் காட்சிப் போட்டிகளாக நடந்தன. பதக்கங்கள் நாடுகளின் கணக்கில் சேரவில்லை. சீட்டாட்ட வகையைச் சேர்ந்த 'ஹார்த்ஸ்டோன்' ஆட்டத்தில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். கொலையையும் வன்முறையையும் காட்டும் ஆட்டங்களுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் அப்போதைய தலைவர் தாமஸ் பாக் கூறியதும் அதே ஆண்டில்தான்.

ஹாங்சோ, 2023

அடுத்த போட்டி 2022இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்தது; பெருந்தொற்றால் 2023 செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. இதில்தான் மின் விளையாட்டு முழுமையான பதக்கப் போட்டியானது. எட்டு ஆட்டங்கள் அறிவிக்கப்பட்டன. 'பப்ஜி மொபைல்' ஆட்டத்திற்கென ஆசியப் போட்டிக்கான தனிப் பதிப்பு உருவாக்கப்பட்டது. அதில் வீரர்கள் ஒருவரையொருவர் சுடுவதற்குப் பதிலாக இலக்குகளைச் சுட்டனர். 'டிரீம் திரீ கிங்டம்ஸ் 2' ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனம் ஹாங்சோ நகரையே சேர்ந்தது. அதில் சீனாவே தங்கம் வென்றது.

'ஸ்டிரீட் பைட்டர்' வரிசையின் ஆறாம் பதிப்பு 2023 ஜூனில் வெளிவந்துவிட்டது. ஆயினும் முன்பே அறிவித்தபடி ஐந்தாம் பதிப்பிலேயே போட்டி நடந்தது. தென்கொரியாவின் கிம் குவான்-வூ தமது 44ஆம் வயதில் அதில் தங்கம் வென்றார்.

நீக்கப்பட்ட ஆட்டம்

எட்டில் ஏழு ஆட்டங்களே இறுதியில் நடந்தன. ஹார்த்ஸ்டோனை உருவாக்கிய பிளிசார்டு நிறுவனத்துக்கும் அதன் சீனக் கூட்டாளியான நெட்ஈஸ் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2023 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. சீனாவில் அந்த ஆட்டத்தின் சேவை நின்றது. போட்டிப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. ஆசியப் பதக்கத்தை எண்ணி அதில் பயிற்சி பெற்றவர்கள் களம் காணாமலே வாய்ப்பை இழந்தனர். அவர்கள் வேறோர் ஆட்டத்துக்கு மாறுவதும் எளிதன்று. ஓர் ஆட்டத்தின் திறன் மற்றொன்றுக்கு அப்படியே உதவாது.

ஆட்டத்தைத் தேர்வு செய்வோர் அதன் புகழையும் வன்முறையின் அளவையும் மட்டும் பார்த்தால் போதாது. போட்டி முடியும்வரை அதன் சேவை தொடருமா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. நிறுவனங்கள் மீண்டும் உடன்பட்டதால் 2024இல் ஹார்த்ஸ்டோன் சீனாவுக்குத் திரும்பியது. ஹாங்சோ போட்டி அதற்கு முந்தைய ஆண்டே முடிந்திருந்தது.