தன்னியக்க விமானி: ஒரு வரலாற்று நோக்கு

கடலோடும் மரக்கலத்திற் சுக்கான் பிடிப்போன் திசை ஒன்றைக் காத்தால் அமையும். ஆகாயவிமானத்தைச் செலுத்துவோனுக்கோ கவலைகள் மூன்று. விமானத்தின் மூக்கு இடம் வலமாகத் திரும்பலாம். மேல் கீழாக அசையலாம். ஓர் இறக்கை தாழ மற்றையது உயரலாம். இவற்றை இடையறாது நேர்செய்தல் கண்ணையும் கையையும் ஒருங்கே களைப்புறச் செய்யும். முகிலினுட் புகுந்து தொடுவானம் மறைந்துவிட்டாலோ உடலுணர்ச்சியே விமானியை ஏமாற்றும். இத்தொழிலைப் பொறியிடம் ஒப்படைக்க எழுந்த முயற்சியின் வரலாற்றைக் கூறுவோர் கருவியைப் புனைந்தோரின் புகழையே பெரிதும் பேசுவர். அக்கருவி எவ்வளவு திருத்த வேண்டும், எத்துணை விரைவில் திருத்த வேண்டும் என்னும் அளவைக் கண்டதே அவ்வரலாற்றின் அரிய பகுதி.

விரைந்து சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாது. இவ்வியல்பைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் பூக்கோ 1852 ஆம் ஆண்டில் அமைத்த கருவியே சைரோஸ்கோப்பு. அமெரிக்கப் பொறியியலாளர் எல்மர் ஸ்பெரி அதனைக் கப்பல்களிற் பயன்படுத்தினார். அவர் மகன் லோறன்ஸ் ஸ்பெரி விமானத்துக்கு ஏற்றினார். 1914 ஆம் ஆண்டு யூன் 18 ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அணித்தாய சேன் நதியின் மேல், இருபத்தொரு வயதினரான அவர் தம் இரு கைகளையும் உயர்த்திக் காட்டியவாறு பறந்து சென்றார். துணைவரான எமில் கஷன் இறக்கையின்மீது நடந்து சென்றபோதும், ஒருபுறம் பாரம் மிகுந்த அவ்விமானம் சாயவில்லை. 50,000 பிராங்கு பரிசும் கிட்டியது. கண்டோர் வியந்தனர், ஆயின் வியப்பு வேறு, நெடும்பயணத்துக்கு உதவுதல் வேறு.

சாய்வின் அளவை மட்டும் நோக்கித் திருத்தும் பொறி, நேர்நிலையை அடைந்ததும் நிற்காது. மறுபுறம் சாய்ந்து, மீண்டும் திரும்பி, ஊஞ்சல்போல் அலையும். இரசியாவிற் பிறந்த நிக்கலஸ் மினோர்ஸ்கி 1922 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இக்குறையை விளக்கியது. அவர் ஆராய்ந்தது கப்பலின் சுக்கானையே. தேர்ந்த மாலுமி எவ்வளவு விலகிற்று என்பதோடு, எவ்வளவு விரைவாக விலகுகின்றது என்பதையும், ஒரே பக்கத்துக் காற்று நெடுநேரம் தள்ளுகின்றதா என்பதையும் சேர்த்தே எண்ணுகின்றான். பொறியும் அவ்வாறே எண்ணுதல் வேண்டும் என்பதை அவர் கணிதத்தால் நிறுவினார். கடலிற் கண்ட இவ்வுண்மை வானுக்கும் பொருந்துவதே.

நெடும்பயணச் சோதனை 1933 இல் வந்தது. எண்ணெய்க் கிணற்று விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர் வைலி போஸ்ற். 1931 இல் ஹரோல்ட் கற்றி வழிகாட்ட, 8 நாள் 15 மணி 51 நிமிடத்தில் உலகைச் சுற்றிய அவர், இம்முறை தனியே புறப்பட்டார். ஒற்றை எஞ்சின் கொண்ட சிறிய லொக்கீட் வேகா விமானத்தில், ஸ்பெரியின் தன்னியக்க விமானியே அவர்க்குத் துணை. யூலை 15 ஆம் நாள் நியூயோர்க்கை நீங்கி, எங்கும் இறங்காது பெர்லினை அடைந்தார். பின்னர் அத்துணையே சுமையாயிற்று. மொஸ்கோவிலும் இர்க்குட்ஸ்கிலும் கருவியைச் செப்பனிடுதற்கே தரிக்க நேர்ந்தது. அது இயங்கிய வேளைகளிலும் அவர் முற்றாக உறங்கத் துணிந்திலர். விரலிற் கயிற்றாற் கட்டிய ஸ்பானர் ஒன்றைக் கையிற் பிடித்திருப்பாராம். உறக்கத்தில் பிடி தளர அது விழும், கயிறு சுண்டி இழுக்க விழிப்பார் என்பர். அலாஸ்காவில் இறங்கியபோது விமானம் பள்ளத்திற் சிக்கிச் சுழல்விசிறி வளைந்தது. அதனையும் மாற்றி, 7 நாள் 18 மணி 49 நிமிடத்தில் நியூயோர்க் திரும்பினார். பழுதுற்ற கருவியை எறிந்துவிடாது, நேரம் இழந்தும் திருத்தினார் என்பதொன்றே அதன் மதிப்பை உணர்த்தப் போதிய சான்று.

அடுத்துவந்த ஸ்பெரி ஏ-3 கருவி டி.சி.-3 முதலிய விமானங்களிற் பொருத்தப்பட்டது. அதனைப் பயன்படுத்தும் முறை பொறுமையை வேண்டுவது. முதலில் கைவிட்டாலும் நேரே பறக்குமாறு விமானத்தைச் சமன்செய்தல் வேண்டும். பின்பு குறிமுள்களை ஒன்றோடொன்று பொருத்தியே பொறியை இணைத்தல் வேண்டும். பொருத்தாது இணைப்பின் விமானம் திடீரெனத் துள்ளும். எண்ணெயின் ஓட்டத்தை அளக்கும் வால்வுகளை மிகத் திறந்தால் முன் கூறிய அலைவு தோன்றும். மிக மூடினாற் பொறி சோம்பும். இன்னுமோர் இடரும் உண்டு. எரிபொருள் குறைந்து பாரம் மாறும்போது பொறி வாய்பேசாது அதனைத் தாங்கிநிற்கும். விமானி அறியாது அதனை விடுவித்தால் மூக்கு சடுதியாக எழும் அல்லது தாழும்.

தனிப்பட்டோர் ஓட்டும் சிறு விமானங்களுக்கு இவ்வளவு பாரமான கருவி ஏலாது. 1965 இல் மூனி நிறுவனம் தன் விமானங்களில் எளியதொன்றை அமைத்தது. சாய்த்து வைக்கப்பட்ட ஒரே சுழற்சக்கரம் திரும்புதலையும் சாய்தலையும் ஒருங்கே உணர, காற்றின் உறிஞ்சுவிசை இறக்கைகளை மட்டம் செய்தது. மூக்கின் ஏற்ற இறக்கம் விமானியின் பொறுப்பாகவே விடப்பட்டது. ஆனால் ஒரு புதுமை: பொறியை இயக்க விசையை அழுத்த வேண்டியதில்லை, அது எப்போதும் இயங்கும். விமானத்தைத் தன் விருப்பப்படி திருப்ப எண்ணுவோனே கைப்பிடியிலுள்ள பொத்தானைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டிருத்தல் வேண்டும். முகிலில் வழிதவறுவோரைக் காக்க எழுந்த ஏற்பாடு இது. விமானிகள் பலர் பொத்தான்மேல் இறப்பர் வளையம் ஒன்றைச் சுற்றிவிட்டுத் தாமே ஓட்டினர்.