பணியில்லங்களில் இறந்தோரின் அடக்க இடங்கள்

பணியில்லம் என்பது இங்கிலாந்திலும் வேல்சிலும் வறியோரைத் தங்கவைத்து, உணவுக்கு ஈடாக வேலை வாங்கிய நிலையம் ஆகும். 1834 ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தத்திற்குப் பின் இவை பெருகின. முதியோரும் நோயாளிகளும் பலர் இங்கேயே இறந்தனர். உறவினர் உடலைப் பெற்றுக்கொள்ளாவிட்டால் நிர்வாகமே அடக்கம் செய்தது. பெரும்பாலும் பொதுக்குழி, பெயர் பொறித்த கல் கிடையாது.

ஆகவே முன்னோரைத் தேடுவோருக்குப் பதிவேடுகளே துணை. இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. இறப்புச் சான்றிதழில் இறந்த நாளும் இடமும் இருக்கும். அடக்க இடம் இராது. அடுத்துப் பார்க்க வேண்டியது பணியில்லத்தின் இறப்புப் பதிவேடு. எஞ்சியவை பெரும்பாலும் அந்தந்தப் பகுதியின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உடலை உறவினர் எடுத்துச் சென்றனரா என்பது சிலவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். அதன்பின் அருகிலுள்ள தேவாலயம், நகராட்சிக் கல்லறைத் தோட்டம் ஆகியவற்றின் அடக்கப் பதிவேடுகளைப் பார்க்கலாம்.

அங்கும் பெயர் இல்லையெனில் மற்றொரு காரணம் இருக்கலாம். 1832 ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டம், உரிமை கோரப்படாத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு வழங்க இடமளித்தது. அவ்வுடல்கள் பல வாரங்கள் கழித்து, சில வேளைகளில் வேறு ஊரில் அடக்கம் செய்யப்பட்டன. எனவே தேடும் காலத்தையும் இடத்தையும் விரிவாக்க வேண்டும். கல்லறைத் தோட்டப் பதிவேட்டில் குழி எண் கிடைத்தால், கல் இல்லாவிடினும் இடத்தை அடையாளம் காண இயலும்.