மரியோ ஜகாலோ: ஓடித் திரும்பிய விங்கர்

1950 ஜூலை 16. ரியோ டி ஜெனிரோவின் மரகானா மைதானத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர். உருகுவேயுடன் டிரா செய்தாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை. ஆனால் 2-1 என்று உருகுவே ஜெயித்தது. மைதானமே அழுதது. அன்று அங்கே காவலுக்கு நின்ற ராணுவ வீரர்களில் 18 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர்தான் மரியோ ஜகாலோ. பிரேசில் பின்னாளில் வென்ற முதல் நான்கு உலகக் கோப்பைகளிலும் அவருக்குப் பங்கு உண்டு!

பிளமெங்கோ அணியில் இடது விங்கராக ஆடியவர் ஜகாலோ. கரிஞ்சாவைப் போல மாயம் காட்டுபவர் அல்ல. அவருக்கு வைத்த செல்லப் பெயரே 'சின்ன எறும்பு'. அந்தக் காலத்து விங்கரின் வேலை முன்னே போவது மட்டும்தான். பந்து பறிபோனால் அங்கேயே நிற்பார். ஜகாலோ மட்டும் திரும்ப ஓடிவந்து நடுக்களத்தில் உதவுவார். இதனால் பிரேசிலின் 4-2-4 ஆட்டமுறை, தேவைப்படும்போது 4-3-3 ஆக மாறியது. 1958 இறுதியாட்டத்தில் ஸ்வீடனை 5-2 என்று வென்றபோது நான்காவது கோல் அவருடையது. 1962-லும் கோப்பை.

பயிற்சியாளரான கதை இன்னும் சுவாரசியமானது. 1970 உலகக் கோப்பைக்குப் பிரேசிலைத் தகுதி பெறச் செய்தவர் ஜோவாவ் சால்தான்யா. தகுதிச் சுற்றில் ஆறுக்கு ஆறு வெற்றி. ஆனால் போட்டி தொடங்க மூன்று மாதம்கூட இல்லாத நிலையில் அவரை நீக்கிவிட்டார்கள். அப்போது நடந்தது ராணுவ ஆட்சி. அதிபர் மெடிசிக்குப் பிடித்த டாரியோ என்ற வீரரைச் சேர்க்க சால்தான்யா மறுத்ததும் ஒரு காரணம் என்பார்கள். அடுத்து வந்த ஜகாலோ டாரியோவை அணியில் சேர்த்தார். ஆனால் போட்டியில் ஒரு நிமிடம்கூட ஆடவிடவில்லை!

"சால்தான்யா சமைத்து வைத்ததை ஜகாலோ பரிமாறினார், பெலே இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. மீதியைப் பார்க்க இடது பக்கத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே வழக்கமான விங்கரை நிறுத்தாமல், நடுக்கள ஆட்டக்காரரான ரிவெலினோவை நிறுத்தினார் ஜகாலோ. அதாவது, தான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓடி ஓடிச் செய்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்தார். நடுக்கள வீரர் பியாசாவைத் தடுப்பாட்டத்துக்கு இறக்கினார். பிரேசில் ஆறு ஆட்டங்களிலும் வென்று 19 கோல் அடித்தது. இறுதியாட்டத்தில் இத்தாலியை 4-1 என்று தோற்கடித்தது.

வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்ற முதல் மனிதர் அவர்தான். பிறகு அந்தச் சாதனையைச் செய்தவர்கள் பெக்கன்பவரும் தெஷாம்பும்.

எல்லாம் ஏறுமுகம் இல்லை. 1974-ல் நான்காம் இடம்தான். 1994-ல் பயிற்சியாளர் பரெய்ராவுக்குத் துணையாக இருந்து மீண்டும் கோப்பையைத் தொட்டார். 1998-ல் மறுபடி பயிற்சியாளர். இறுதியாட்ட நாளில் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்தது. ஆனாலும் அவர் களமிறங்கினார். பிரான்ஸ் 3-0 என்று வென்றது. ரொனால்டோவை ஏன் ஆடவைத்தார் என்ற கேள்வி ஜகாலோவை விடவே இல்லை.

2024 ஜனவரி 5 அன்று, 92 வயதில் அவர் காலமானார். 1958 இறுதியாட்டத்தில் ஆடிய பிரேசில் பதினொருவரில் கடைசியாக உயிருடன் இருந்தவர் அவரே. கால்பந்து ரசிகர்கள் கோல் அடித்தவரை நினைவில் வைப்பார்கள், திரும்ப ஓடியவரை மறந்துவிடுவார்கள். இன்று எந்த அணியிலும் பந்து பறிபோனால் விங்கர் திரும்ப ஓட வேண்டும். இல்லையென்றால் பயிற்சியாளர் திட்டுவார். அதை யாரும் சொல்லாமலே அன்று செய்தவர் அந்தச் சின்ன எறும்பு.