இடிபாடுகளுக்கு நடுவே ஒரு படப்பெட்டி

1871ஆம் ஆண்டின் பெருந்தீயில் அழிந்த சிக்காகோ நகரம் மீண்டும் எழுந்தபோது, அதற்குப் புதுமுகம் தந்தவர்களுள் தலையாயவர் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன். பங்காளியான டாங்மார் ஆட்லருடன் சேர்ந்து வானளாவிய மாளிகைகளை எழுப்பி, அவற்றின் முகப்புகளில் இலையும் கொடியும் விரியும் சுடுமண் வேலைப்பாடுகளைப் படரவிட்டவர் அவர். 1924இல் வறியவராக, ஒரு விடுதி அறையில் மறைந்தார். அடுத்த தலைமுறை அவர் கட்டியவற்றை ஒவ்வொன்றாக இடிக்கத் தொடங்கிற்று.

ரிச்சர்டு நிக்கல் அந்நகரில் 1928இல் பிறந்தவர். ஒளிப்படம் பயிலும் மாணவராக இருந்தபோது, ஆசிரியர் ஆரன் சிஸ்கிண்டின் வகுப்புப் பணியாகவே சல்லிவனின் கட்டடங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். வகுப்பு முடிந்தது, பணி முடியவில்லை. தெருத்தெருவாக அலைந்து, எவரும் அறியாதிருந்த கட்டடங்களையும் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்தார்.

1892இல் எழுந்த காரிக் அரங்கிற்கு முடிவு நெருங்கியபோது, 1960இல் பதாகை ஏந்தித் தெருவில் நின்றார். நகராட்சி இடிக்க அனுமதி மறுத்தும் பார்த்தது. நீதிமன்றம் உரிமையாளர் பக்கமே நின்றது. 1961இல் அரங்கம் தரைமட்டமாயிற்று. அந்த இடத்தில் எழுந்தது கார் நிறுத்தும் மாடி! அதன் முகப்பை அலங்கரிக்க அழிந்த அரங்கின் பூவேலையையே வார்ப்பெடுத்துப் பதித்தார்கள் என்பதை எண்ணிச் சிரிப்பதா, அழுவதா?

காரிக் அரங்கம் நிக்கலின் பணியையே மாற்றிவிட்டது. படம் மட்டும் போதாதென்று, சம்மட்டிக்கு முந்திக்கொண்டு சிற்ப வேலைகளைக் கழற்றிச் சேர்க்கலானார். ஒளிப்படம் தோற்றத்தைச் சொல்லும். அளவு வரைபடம் அமைப்பைச் சொல்லும். பெயர்த்தெடுத்த துண்டோ வேலை செய்த கையைச் சொல்லும். எனினும் ஒலி நயத்திற்குப் பெயர்பெற்றிருந்த அந்த அரங்கின் ஓசையை எந்தப் படியெடுப்பாலும் மீட்க இயலாது. இக்குறையை உணர்ந்தவர் என்பதாலேயே அவர் ஆவணப்படுத்துவதற்கு முன் போராடினார். போராட்டம் தோற்ற பிறகே படப்பெட்டியைத் திறந்தார்.

1894இல் கட்டப்பட்ட பங்குச் சந்தை மாளிகையும் 1972இல் இடிபடலாயிற்று. அதன் வணிகக் கூடத்தின் அலங்காரங்களைப் பெயர்த்தெடுக்கும் பணியில் நிக்கலும் நண்பர் ஜான் வின்சியும் முனைந்து ஈடுபட்டனர். அவ்வேலை முடிந்த பின்னும் நிக்கலால் அக்கட்டடத்தை விட்டு விலக முடியவில்லை. ஏப்ரல் 13ஆம் நாள் தனியே உள்ளே சென்றார். தளம் சரிந்து விழுந்தது. நான்கு வாரங்கள் சென்றே உடல் கிடைத்தது. அகவை 43, ஜூன் திங்களில் திருமணம் நடப்பதாக இருந்தது. சல்லிவன் துயிலும் கல்லறைத் தோட்டத்திலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.

அவ்வணிகக் கூடம் 1977இல் சிக்காகோ கலைக்கூடத்தினுள் மீண்டும் எழுந்தது. மாளிகையின் நுழைவளைவோ வெளியே, பின்னால் கட்டடமின்றித் தனியே நிற்கிறது. ஆட்லர், சல்லிவன் இருவரின் படைப்புகள் அனைத்தையும் தொகுக்க நிக்கல் 1950களில் தொடங்கிய நூல், நண்பர்களின் உழைப்பால் 2010இல்தான் வெளிவந்தது. அதற்குள் அவர்கள் கட்டியவற்றுள் மேலும் மூன்றை 2006ஆம் ஆண்டின் தீ விபத்துகள் சிதைத்துவிட்டிருந்தன.