கடாரம்: கல்வெட்டு முதல் திரைப்படம் வரை

மலேசியத் தமிழர்களுக்குக் கெடா மாநிலம் இரண்டு பெயர்களில் அறிமுகம். முகவரியிலும் அரசாங்கப் பாரத்திலும் அது கெடா. மேடையில் ஒலிபெருக்கி கைக்கு வந்துவிட்டால் அது கடாரம். பொங்கல் விழா, பட்டிமன்றம், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா என எந்த நிகழ்ச்சியானாலும், யாராவது ஒருவர் கடாரம் வென்ற சோழனை நினைவுகூராமல் இறங்குவது அரிது.

ஆனால் பெயரை அறிந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தை அறிந்தவர்கள் அல்லர். சுங்கை பட்டாணியிலிருந்து சுமார் அரை மணி நேரப் பயணத்தில் மெர்போக் வந்துவிடும். ஜெராய் மலைக்கும் மெர்போக் ஆற்றுக்கும் இடைப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்கில்தான் பழைய கடாரத்தின் செங்கற்களும் இரும்பு உலைகளும் கிடக்கின்றன.

பல மொழிகளில் ஒரே துறைமுகம்

கடாரம் தமிழர் மட்டும் வழங்கிய பெயர் அன்று. வடமொழி நூல்கள் அந்தத் துறைமுகத்தைக் கடாஹம் என்றன. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பயணம் செய்த சீனத் துறவி யீ ஜிங், தாம் தங்கிச் சென்ற ஊரை ஜியேசா என்று எழுதி வைத்தார். அரபு வணிகர்களும் பயணிகளும் குறிப்பிட்ட கலா என்னும் துறைமுகமும் கெடாவே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். ஈயத்துக்கு அரபு மொழியில் வழங்கும் சொல் இந்தக் கலாவிலிருந்து பிறந்தது என்ற கருத்தும் உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்குக் ‘கலாய்’ பூசுவது என்று தமிழில் சொல்கிறோமே, அந்தக் கலாய் இதே அரபுச் சொல்லின் வழி வந்ததுதான்.

தமிழில் கடாரம் என்றாலும் கிடாரம் என்றாலும் பெரிய கொப்பரை என்ற பொருளும் உண்டு. வடமொழிக் கடாஹத்துக்கும் அதே பொருள். கடாரங்காய் ஊறுகாயின் பெயரையும் இந்த ஊரோடு சேர்த்துப் பேசுபவர்கள் உள்ளனர். ஆனால் ஒலி ஒன்றுபோல் இருப்பது மட்டுமே வரலாற்றுச் சான்றாகிவிடாது.

சங்க இலக்கியமான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களை வரிசைப்படுத்தும்போது காழகத்துப் பொருள்களையும் சேர்க்கிறது. அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் காழகம் என்பதைக் கடாரம் என்றே கொண்டார். தமிழ் இலக்கியத்தில் கடாரம் முதலில் சரக்கு வரும் ஊராகத்தான் தலை காட்டுகிறது.

இத்தனை மொழிகளில் அந்தப் பெயர் ஏறியதற்குக் காரணம் காற்றும் மலையும். வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வரும் கப்பலோட்டிகளுக்கு, சுமார் 1,200 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை தொலைவிலிருந்தே கரையைக் காட்டியது. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர்கள் ஊர் திரும்ப வடகிழக்குப் பருவக்காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் தங்க இடமும், வழிபடக் கோயிலும், விற்க வாங்கச் சந்தையும் தேவைப்பட்டன. கடாரம் வளர்ந்தது இப்படித்தான்.

செப்பேட்டில் கடாரம்

படையெடுப்புக்கு முன்பே சோழர்களுக்கும் கடாரத்துக்கும் நல்லுறவு இருந்தது. முதலாம் இராஜராஜன் காலத்தில் கடாரத்து மன்னர் சூளாமணிவர்மர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பத் தொடங்கினார். அவருடைய மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் அதனை முடித்தார். அந்த விகாரத்தின் செலவுக்காக இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கினான். சைவ மன்னன் ஒருவன், கடல் கடந்து வந்த பௌத்தர்களின் கோயிலுக்குத் தன் நாட்டு ஊர் ஒன்றைக் கொடுத்த செய்தி இது.

இதைப் பதிவு செய்த செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவை லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றது அதனால்தான். தமிழ்ப் பகுதியில் அந்த மன்னர் கிடாரத்தரையன் என்று குறிக்கப்படுகிறார்.

உறவு முறிந்தது இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் காலத்தில். 1025ஆம் ஆண்டு வாக்கில் சோழர் கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கியது. இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, வென்ற இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயத்தில் தொடங்கும் அந்தப் பட்டியல் கடாரத்தில் முடிகிறது. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும் அது கூறுகிறது.

ஆனால் அந்த வெற்றி நிலையான ஆட்சியாக மாறவில்லை. பின்னர் வீரராஜேந்திரன், கடாரத்தை வென்று, தன்னை நாடி வந்த அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகத் தன் கல்வெட்டில் கூறிக்கொள்கிறான். 1090 வாக்கில் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்து அரசரின் தூதர்கள் மீண்டும் வந்து, நாகப்பட்டினம் விகாரத்துக்குரிய ஊர்களின் உரிமையை உறுதிப்படுத்திக்கொண்டனர். போர் வந்தது, போனது. கொடுக்கல் வாங்கல் தொடர்ந்தது.

பட்டம், ஊர், நாவல், படம்

கங்கை கொண்டான் என்பதைப் போலவே கடாரங்கொண்டான் என்பதும் இராஜேந்திரனின் பட்டமானது. பட்டம் ஊர்ப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. திருவாரூருக்கு அருகே கிடாரங்கொண்டான் என்ற ஊர் இன்றும் உள்ளது. கடலுக்கு அப்பால் ஒரு துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி, காவிரி வட்டாரத்தில் ஊர்ப் பெயராக வாழ்கிறது.

இவ்வளவு புகழ்பெற்ற கடாரம் எங்கே இருந்தது என்பதே இடைக்காலத்தில் மறந்துபோனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பர்மாவில் இருந்ததாகத் தமிழறிஞர் சிலர் கருதினர். 1918இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேடெஸ் ஸ்ரீவிஜயம் பற்றிய தம் ஆய்வில் கல்வெட்டுகளையும் சீனக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, கடாரம் கெடாவே என்ற முடிவுக்கு வந்தார். நீலகண்ட சாஸ்திரியும் அதனை ஏற்றுக்கொண்டு எழுதினார்.

பிறகு வரலாற்று நாவல்கள் அந்தப் பெயரை வீடுதோறும் கொண்டு சென்றன. இராஜேந்திரனை நாயகனாக்கி அகிலன் எழுதிய ‘வேங்கையின் மைந்தன்’ 1963ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. சாண்டில்யனின் ‘கடல் புறா’ கடாரத்து இளவரசியையும் ஸ்ரீவிஜயக் கடலையும் வாரந்தோறும் வாசகர் கண்முன் நிறுத்தியது. கடாரம் என்றதும் பாய்மரக் கப்பலும் வாளும் பலருக்கு நினைவுக்கு வருவதில் சாண்டில்யனின் பங்கு பெரியது.

2019இல் விக்ரம் நடித்த ‘கடாரம் கொண்டான்’ வெளியானது. அது சரித்திரப் படம் அன்று. இன்றைய கோலாலம்பூரில் நடக்கும் குற்றக் கதை. மலேசியாவைக் குறிக்க அந்தப் பழைய பட்டம் ஒன்றே போதும் என்று படக்குழு எண்ணியிருக்கிறது. தணிக்கை அனுமதி கிடைக்காததால், அந்தப் படம் மலேசியத் திரையரங்குகளை எட்டவில்லை. கடாரத்தின் பெயர் கொண்ட படத்தைக் கடாரத்து மக்கள் தங்கள் ஊர்த் திரையில் பார்க்க முடியாமல் போனது.

மலாய் மரபிலும் பழைய கெடாவுக்கு இடம் உண்டு. ‘ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா’ கெடா அரச பரம்பரையின் கதையைச் சொல்கிறது. அதிலே வரும் கோரைப்பல் மன்னன் ராஜா பெர்சியோங்கின் கதையை நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திரைக்கு எழுதினார்; 1968இல் அது படமானது. துங்கு கெடா அரச குடும்பத்தில் பிறந்தவர். 2011இல் மெரோங் மகாவங்சாவும் திரைக்கு வந்தார். தமிழருக்குக் கடாரம் எப்படியோ, மலாய்க்காரருக்கு ‘கெடா துவா’ அப்படி.

தோட்டத்துப் பிள்ளைகளின் பெருமை

மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோரின் முன்னோர் 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி வந்தவர்கள். கெடாவின் ரப்பர் தோட்டங்களிலும் பால் மரம் வெட்டியவர்கள் அவர்களே. சோழர் படையோடு வந்தவர்களின் நேரடி வாரிசுகள் என்று அவர்களைச் சொல்லச் சான்று இல்லை.

ஆனாலும் அந்தப் பெயர் அவர்களுக்கு ஒரு தெம்பைக் கொடுத்தது. கூலிக்கு வந்தவர்கள் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தன் மொழியில் இந்த மண்ணின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தி சாதாரணமானது அன்று. மேடைகளில் கடாரம் மீண்டும் மீண்டும் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பெருமை ‘கொண்டான்’ என்ற ஒரு சொல்லிலேயே நின்றுவிடுவதுதான். வென்ற கதையாக மட்டும் சொன்னால், பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கு அது தோற்ற கதையாகிவிடும். மண்ணுக்குள் கிடைத்திருப்பதோ இரண்டும் அல்ல.

மண்ணுக்குள் இருப்பது

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ இந்த வட்டாரத்தின் பழஞ்சின்னங்களைப் பற்றி எழுதினார். செபராங் பிறையில் அவர் கண்டெடுத்த கல் ஒன்றில் புத்தகுப்தன் என்ற மாநாவிகனின் பெயர் உள்ளது. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் பாதுகாப்பான கடற்பயணத்தை வேண்டிய கப்பல் தலைவன் அவன். அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இந்த வட்டாரத்தில் அகழாய்வு செய்து, கண்ட இடங்களுக்கு எண்கள் இட்டனர். சண்டி எனப்படும் அந்தப் பழங்கோயில்களில் இந்து சமயத்தைச் சேர்ந்தவையும் உண்டு, பௌத்தத்தைச் சேர்ந்தவையும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்ற புக்கிட் பத்து பாஹாட் சண்டி 1960 வாக்கில் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் அருகே 1980இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 முதல் சுங்கை பத்துவில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகள், காற்று ஊதும் களிமண் குழாய்கள், படகுத்துறையின் செங்கல் கட்டுமானம் ஆகியவை வெளிப்பட்டன. அவற்றின் தொடக்க காலம் பற்றி ஆய்வாளரிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. சோழர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு இரும்புத் தொழில் நடந்தது என்பதில் ஐயமில்லை. இங்கிருந்த மக்கள் உருக்கினார்கள், வார்த்தார்கள், விற்றார்கள். அதனால்தான் உலகம் இவர்களைத் தேடி வந்தது. அண்மையில் புக்கிட் சோராஸ் குன்றிலும் பௌத்தத் தூபியும் சுதையால் ஆன புத்தர் சிலைகளும் வெளிப்பட்டன.

ஒரு எண் அழிந்தபோது

2013ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி பரவியது. வேல்ஸ் 11 என்று எண் இட்ட சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலம் சமன் செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டிருந்தது. அது தனியார் நிலத்தில் இருந்தது. வரலாற்றுச் சின்னமாக அரசிதழில் பதிவாகவும் இல்லை. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அதில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் இருந்தனர். தேசிய மரபுடைமைச் சட்டம் 2006 முதல் நடப்பில் இருந்தும், பதிவாகாத இடத்துக்கு அது அரணாக அமையவில்லை.

இடிந்த செங்கல்லைப் பழைய வரிசையில் திரும்ப அடுக்க முடியாது. அடுக்கினாலும் அது சொல்லியிருக்கக்கூடிய செய்தி போய்விட்டது. எந்த அடுக்கில் எந்த மணி கிடந்தது, எந்தச் சாம்பலுக்கு மேல் எந்தச் சுவர் நின்றது என்பதையெல்லாம் புல்டோசர் ஒரு நாளில் கலைத்துவிடும்.

கடாரம் என்ற பெயருக்கு இனி ஆபத்து இல்லை. அது செப்பேட்டில் இருக்கிறது, திருவாரூர்ப் பக்கத்து ஊரில் இருக்கிறது, நாவலிலும் திரைப்படத்திலும் இருக்கிறது. பதிவு செய்யப்படாத மேடுகளுக்கும் செம்பனைக்கு நடுவே கிடக்கும் செங்கற்களுக்கும்தான் காவல் தேவை. அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்குக்கு அழைத்துச் சென்று, படகுத்துறையையும் இரும்பு உலையையும் காட்டலாம். கடாரத்தைக் கொண்டவன் யார் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கடாரத்தில் வாழ்ந்தவர்கள் யார் என்பதை அங்கேதான் தெரிந்துகொள்வார்கள்.